சீமை முயலுக்குப் பகை புகாத பட்டி



கிராமப் புனருத்தாரணம் என்றவுடன் கிணறு, வாய்க்கால், எருக்குழி, உழவுமாடு, கடன் என்ற விஷயங்களே நினைவுக்கு வருவது வழக்கம். குழந்தைகள் ஆசையாக வளர்க்கும் முயலைப் பற்றி ஒரு சபையில் பிரசங்கம் செய்வது விளையாட்டான காரியமாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், கிராமத்து வீடுகளில் பிரியமாக வாங்கி வரப்பட்ட முயலொன்று ஓரிரவில் மடிந்துபோவது அபூர்வமான சம்பவமன்று. காலையில் கையில் அறுகம்புல்லுடன் ஓடிய குழந்தை, கிழிந்த வலையையும் சிதறிக் கிடக்கும் ரோமத்தையும் கண்டு வாயடைத்து நிற்கிறது. "அதற்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். நன்றாகப் பராமரிக்கப்படும் முயலுக்கு எட்டு முதல் பத்து வருஷம் வரை ஆயுள் உண்டு. குறை முயலின் ஆயுளில் இல்லை. அதற்குக் கட்டிய கூண்டில் இருக்கிறது.

அக்குறை யாதெனில், பெரும்பாலோர் முயல் வெளியே ஓடிவிடாமல் இருப்பதற்காகவே கூண்டு கட்டுகின்றனர். முயலைத் தடுத்து வைக்க மெல்லிய வலையே போதும். முழங்கால் உயரத் தட்டியும் போதும். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வர முயலும் ஜந்துக்களுக்குப் பல்லும் நகமும் பொறுமையும் அதிகம். ஆகவே, பட்டி கட்டுகிறவர் அதன் உள்ளே நின்று பார்க்கக் கூடாது. வெளியே, தரையோடு தரையாகக் குனிந்து, பசித்த கீரி பார்ப்பதுபோல் அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இப்பிரசங்கத்தில் சொல்லப்படும் முறைகள் யாவும் அந்த ஒரு பார்வையிலிருந்து வருபவையே.

முதலில் இங்கு பேசப்படும் பிராணி இன்னதென்று தெளிவுபடுத்துவது அவசியம். வயற்காட்டிலும் புதர்களிலும் உலவும் நாட்டு முயல் வேறு. கூண்டில் வளர்க்கப்படும் சீமை முயல் வேறு. நாட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்கிடையே படுத்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்பும். அதன் குட்டி ரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சீமை முயலின் பூர்வீகம் ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதி. அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஜாதி. அதன் குட்டிகள் ரோமமின்றி, கண் மூடியபடி பிறந்து, சுமார் பத்து நாள் கழிந்தே கண் திறக்கின்றன. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயண்ட் முதலியவையும், சந்தையில் கூடையில் வைத்து விற்கப்படும் சிறிய வெள்ளை முயல்களும் இந்தச் சீமை ஜாதியைச் சேர்ந்தவையே.

சீமை முயலின் பாதுகாப்பு இரண்டு விஷயங்களில் அடங்கியிருந்தது. ஒன்று அதன் கால். மற்றொன்று அது தோண்டிய வளை. கூண்டிலடைத்த மனிதன் இரண்டையும் எடுத்துக்கொண்டான். ஓட இடமில்லை, ஒளிய வளையில்லை. எனவே அவற்றுக்கு ஈடான ஒன்றை அவனே கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறான். ஆசைக்கு வளர்த்தாலும் ஆதாயத்துக்கு வளர்த்தாலும் இக்கடமை ஒன்றே.

இனி, பகைவர்கள் யாரென்று பார்க்கலாம். எல்லா ஊருக்கும் பொதுவான முதற் பகை தெருநாய். நரி என்றும் காட்டுப்பூனை என்றும் பயப்படுகிறவர்கள் வீதியில் படுத்திருக்கும் நாயை மறந்துவிடுகிறார்கள். நாய் தனியாக வந்தால் முகர்ந்து பார்த்துப் போய்விடும். மூன்று நான்காகச் சேர்ந்து இரவில் வந்தால், ஒன்று தோண்ட, மற்றொன்று பல்லால் வலையை இழுக்க, அரைமணி நேரத்தில் சாதாரணக் கூண்டு குலைந்துவிடும். அதன் பலம் பாரத்திலும் தாடையிலும் இருப்பதால், அதற்கு எதிராகச் சட்டமும் வலையும் உறுதியாக இருக்க வேண்டும்.

கீரியின் வழி வேறு. அது பகலில் வரும். வீட்டார் வயலுக்குப் போன நேரம் பார்த்து வரும். அதற்குப் பலம் வேண்டியதில்லை. தலை நுழையும் இடுக்கு ஒன்று கிடைத்தால் உடலும் நுழைந்துவிடும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருவிரல் சந்து, மூலையில் வலை மடங்கிய இடம், மழைநீர் அரித்த பள்ளம் இவையே அதன் வாசல்கள். வெருகு என்னும் காட்டுப்பூனையும் மரநாயும் இரவில் வருபவை. இரண்டும் ஏறத் தெரிந்தவை. மேற்கூரையில்லாத பட்டிக்கு எவ்வளவு உயரமான சுவர் வைத்தாலும் அவற்றுக்கு அது தடையாகாது. வீட்டுப் பூனையும் குட்டி முயல்களுக்கு எமனே. அது சாதுவாகத் திண்ணையில் படுத்திருப்பதைக் கண்டு ஏமாறுதல் கூடாது.

பாம்புகளில் சாரையும் நாகமும் குட்டிகளைத் தேடி வரலாம். பெருச்சாளி அடியிலிருந்து வளை போட்டு மேலே வந்து, தீவனத்தைத் தின்பதோடு, கண் திறவாத குட்டிகளையும் கடிக்கும்; அது போட்ட வளையின் வழியே பாம்பும் வரும். பகலில் காகமும் வல்லூறும், இரவில் பெரிய ஆந்தையும் மேலிருந்து வருபவை. குரங்கு உலவும் ஊர்களில் அது முயலைத் தின்னாவிட்டாலும் கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்துவிட்டுப் போகும். பிறகு நாய்க்கு வேலை மிச்சம். மலையோரங்களில் சிறுத்தை நடமாடும் ஊர்களுக்கு இங்கே கூறப்படும் பட்டி இரவுக் காவலாகாது. அங்கே பொழுது சாய்ந்தபின் முயல் வீட்டினுள்ளேதான் இருக்க வேண்டும்.

முயலின் சுபாவத்தில் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. அது நடுப்பகலில் உறங்கி, விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் சுறுசுறுப்பாகத் துள்ளும். அதே வேளைகளில்தான் வெருகும் நரியும் நாய்க்கூட்டமும் இரை தேடப் புறப்படுகின்றன. ஆகையால் "விளக்கு வைத்த பிறகு அடைத்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர் காலம் கடத்துகிறார். விளக்கு வைப்பதற்கு முன்பே முயலை இரவுப் பெட்டியில் சேர்த்து அடைத்துவிட வேண்டும். காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே திறக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாதது. முயல் காயமின்றியும் சாகும். வலைக்கு வெளியே நாய் சுற்றிச் சுற்றிக் குரைத்தால், உள்ளேயிருக்கும் முயல் பயத்தினாலேயே உயிர் விடக்கூடும். அல்லது வெறிபிடித்தாற்போல் பாய்ந்து வலையில் மோதி முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். ஆகவே பகைவனை உள்ளே விடாமலிருந்தால் மட்டும் போதாது; அவன் முகம் முயலுக்குத் தெரியாதிருக்கவும் வழி செய்ய வேண்டும். பட்டியின் ஒரு நீளப் பக்கத்தையும் ஒரு குறுகிய பக்கத்தையும் பலகையாலோ மண் சுவராலோ மூடிவிடுவது நல்லது. உள்ளே கவிழ்த்த மரப்பெட்டி அல்லது பெரிய மண்குழாய் ஒன்று கிடக்க வேண்டும். அதற்கு இரண்டு வாசல் இருத்தல் அவசியம்; ஒரு வாசலில் பயம் நின்றால் மற்றொரு வாசலால் போகலாம் என்ற தைரியம் முயலுக்கு வேண்டும். ஒரே வாசலுள்ள பெட்டியில், சேர்ந்து வாழும் இரு முயல்களில் ஒன்று மற்றொன்றை அடைத்துக் கடிப்பதும் உண்டு.

பட்டியின் அளவு எவ்வளவு? இங்கிலாந்தில் முயல்களின் நலத்துக்காக உழைக்கும் சங்கத்தார், இரண்டு முயல்களுக்கு மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் வேண்டுமென்று கூறுகின்றனர். அதை ஏறத்தாழ 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். முயல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும், மூன்று நான்கு தாவல் ஓடவும் இது இடம் தரும். இதற்குக் குறைந்த இடத்தில் அடைத்து வைப்பதாயின் முயல் வளர்க்காதிருப்பதே மேல். முயல் தனிமையை விரும்பாத பிராணியாகையால் இரண்டாக வளர்ப்பதே உசிதம். ஆனால் ஆணும் பெண்ணுமாக விட்டால் சினையாகி முப்பத்தொரு நாளில் குட்டி போடும் என்பதும், அந்தப் பெருக்கத்துக்கு இடம் ஏது என்பதும் முன்கூட்டியே யோசிக்கப்பட வேண்டும். இரண்டு பெண், அல்லது கால்நடை வைத்தியரைக் கொண்டு விதையடிக்கப்பட்ட ஆணும் ஒரு பெண்ணும் என்பது சிரமமில்லாத ஏற்பாடு.

வலையின் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கடையில் "கோழி வலை" என்று கேட்டால் கொடுக்கப்படும் ஆறு மூலைக் கண் வலை, மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது. அதன் கம்பி பெரும்பாலும் 20 முதல் 22 கேஜ் வரை இருக்கும். 22 கேஜ் கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குக்கும் குறைவு. நாய் பல்லால் பற்றி இழுத்தால் பிரிந்துவிடும்; முயலே கடித்து அறுத்துவிடுவதும் உண்டு. விலை குறைவு என்று இதை வாங்குவது வீண் செலவு. வேண்டியது, குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைக்கப்பட்ட கம்பி வலை; கடைக்காரர்கள் இதை வெல்டு மெஷ் என்பர். கம்பி 16 கேஜுக்கு மெல்லியதாக இருக்கக் கூடாது. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். 16 கேஜ் என்பது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனம். கண் அரை அங்குலச் சதுரமாக இருப்பது உத்தமம். ஓரங்குலக் கண்ணாயின் சிறிய பாம்பு நுழையும். பூனை கையை விட்டு, வலையோரம் படுத்திருக்கும் முயலின் காலைப் பற்றி இழுக்கும். அரையங்குலக் கண்ணில் எலிக்குஞ்சு நுழைந்தாலும் நுழையலாம். பெருச்சாளியும் கீரியும் நுழையா. நாகப்பூச்சுப் பூசிய வலையே துருவைத் தாங்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்கு அதுவும் சீக்கிரம் இளைத்துப்போவதால் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கு இரண்டங்குலச் சதுரமான எந்த உறுதியான மரமும் ஆகும். வேம்பு, வைரம் பாய்ந்த பனை, சவுக்குக்கால் ஆகியவை கிராமத்திலேயே கிடைக்கும். தரையைத் தொடும் பாகத்துக்குத் தார் பூசி, செங்கல் வரிசையின் மேல் நிறுத்தினால் கறையான் எளிதில் அணுகாது. வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் அடிப்பதா, உட்பக்கத்தில் அடிப்பதா என்ற கேள்வி எழும். முயல் மரத்தைக் கொறிக்காமலிருக்க உட்பக்கமே நல்லதென்று சிலர் சொல்வர். ஆனால் உட்பக்கம் அடித்த வலையை நாய் வெளியிலிருந்து தள்ளும்போது, தள்ளுகிற பலம் முழுவதும் ஆணியின் மேல் விழுந்து ஆணி பிடுங்கிக்கொள்கிறது. வெளிப்பக்கம் அடித்தாலோ, எவ்வளவு தள்ளினாலும் வலை சட்டத்தின் மேலேயே அழுந்தும். ஆகவே வெளிப்பக்கமே சரி. முயல் கொறிப்பதற்கென்று வேப்பங்கொம்பு ஒன்றை உள்ளே போட்டு வைத்தால் சட்டத்தை அவ்வளவாக நாடாது. வளைந்த ஆணிகளை மட்டும் நம்பாமல், வலையின் ஓரத்தின்மேல் மெல்லிய ரீப்பர் வைத்து, அரை அடிக்கு ஒன்றாகத் திருகாணி முடுக்க வேண்டும். தச்சருக்கு இது கூடுதலாக அரைநாள் வேலை. அந்த அரைநாளில் சிக்கனம் கூடாது.

அடுத்தது தரை. சுவரைவிடத் தரையே அதிகக் கவனத்துக்குரியது. ஏனெனில் வெளியிலிருக்கும் நாயும் தோண்டும், உள்ளிருக்கும் முயலும் தோண்டும். ஆஸ்திரேலியாவில் 1859-ஆம் வருஷம் வேட்டை விளையாட்டுக்காக ஒரு கனவான் விட்ட இரண்டு டஜன் சீமை முயல்கள் கண்டமெங்கும் பெருகி, மேற்கு மாகாணத்துக்குள் வராமல் தடுக்க 1901-க்கும் 1907-க்கும் இடையே 1,139 மைல் நீளம் வேலி போட நேர்ந்தது. அந்த வேலியின் வலையும் தரைக்குள் புதைக்கப்பட்டே போடப்பட்டது. அப்படியிருந்தும், வேலி முடிவதற்குள் முயல்கள் முந்திக்கொண்டுவிட்டன. தோண்டும் ஜாதிக்குத் தரைமட்டம் ஒரு எல்லையன்று என்பதற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் தேவையில்லை. வளர்க்க முடியாத முயலைக் காட்டில் விட்டுவிடலாமென்று எண்ணுபவர்களும் இக்கதையை அறிவது நலம்.

தரைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுவர் வலையின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, சுவர் வலையோடு கம்பியால் தைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுவது. நாய் எப்போதும் சுவரின் அடியிலேயே தோண்டத் தொடங்கும். அங்கே நகத்தில் வலை தட்டுப்படும். ஒன்றரை அடி பின்வாங்கிப் போய்த் தோண்ட வேண்டுமென்ற யுக்தி அதற்குத் தோன்றுவதில்லை. இரண்டாவது, பட்டியின் அடி முழுவதும் வலை பரப்பி, அதன்மேல் அரை அடி மண் கொட்டிப் புல் வளர்ப்பது. பெண் முயல் குட்டி போடும் ஆசையில் ஆழமாகத் தோண்டுவதால், அத்தகைய முயல் உள்ள வீட்டுக்கு இரண்டாவதையும் சேர்த்துச் செய்வதே நிம்மதி. வலையை மூடாமல் வெறுமையாக விட்டுவிடுவது கூடாது. முயலின் பாதத்தில் நாய்க்குப் போன்ற தடித்த மெத்தைத் தோல் இல்லை. வெறுங்கம்பியின் மேல் நின்றால் சில வாரங்களில் புண் காணும்.

மேற்கூரை விஷயத்தில் பகைவரைத் தவிர வெயிலையும் எண்ண வேண்டும். உண்மையைச் சொல்லப்போனால், வேலூர், திருச்சிராப்பள்ளி, மதுரை முதலான ஜில்லாக்களில் சித்திரை வைகாசி மாத வெயில் நாய்க்குச் சமமான எமன். முயலுக்கு வியர்வை கிடையாது. காதுகளின் வழியாகவே உஷ்ணத்தைப் பெரும்பாலும் வெளிவிடுகிறது. 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது வருந்தத் தொடங்கும். 40 டிகிரியைத் தொடும் நாட்களில் பட்டியை நம்பி விடுவது தகாது. மதிய வேளையில் வீட்டின் குளிர்ந்த அறைக்கு எடுத்துப் போக வேண்டும். ஆகவே பகை புகாத பட்டி என்று தகரக் கூரை போட்டு நாற்புறமும் மூடினால், நாயிடமிருந்து காப்பாற்றி அடுப்பில் வைத்ததற்கு ஒப்பாகும்.

கூரைக்கும் அதே அரையங்குல வலையே வேண்டும். அதற்கு மேலே நாலு விரற்கடை இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய வேண்டும். கீற்றை மட்டும் வேய்ந்து அதுவே கூரையென்றிருப்பவர்கள் மரநாய்க்கு ஏணி வைத்துக் கொடுக்கிறார்கள். அது கீற்றைப் பிரித்துக்கொண்டு இறங்கும். கீற்றில் எலியும் அதைத் தேடிப் பாம்பும் தங்கினாலும், நடுவே வலை இருக்குமாயின் உள்ளே வர இயலாது. பட்டியின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் மாலை வெயில் குறுகிய பக்கத்தில் மட்டுமே விழும். அந்தப் பக்கத்தைப் பலகையால் மூடலாம். புங்கமரத்தின் அல்லது வேப்பமரத்தின் நிழல் கிடைக்குமாயின் பாக்கியம். தண்ணீரைக் கனத்த மண்சட்டியில் வைத்து, கோடையில் நனைத்த சாக்கை ஒரு பக்கத்து வலையின் மேல் தொங்கவிடுவது உபயோகமானது. ஆனால் காற்று வருவதற்கு எதிர்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

இரவுப் பெட்டி பட்டியின் ஒரு கோடியில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், மேற்குச் சுவரோடு பொருந்தியிருக்கலாம். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், முக்கால் அங்குலப் பலகை. காற்றுக்காக மேல்பாகத்தில் வலையடித்த ஜன்னல் ஒன்று வேண்டும். முயல் ஏறி வரச் சாய்ந்த பலகையும், அது உள்ளே வந்தபின் இறக்கிவிடக்கூடிய சறுக்குக் கதவும் இருக்க வேண்டும். குட்டி இருக்கும் காலத்தில் எறும்பு ஒரு பெரிய உபத்திரவம். பெட்டியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் அது ஏறாது.

கதவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் சொல்வதை மறக்கக் கூடாது. வெறும் கொண்டியை நாய் மூக்கால் தள்ளித் திறக்கும். குரங்கு கையால் திறக்கும். மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வளையக் கொக்கி மாட்ட வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, மூடும்போது நிலைச்சட்டத்தின்மேல் ஓரங்குலம் படிய வேண்டும். அப்போது சந்து என்பதே இராது. கீல்களைத் திருகாணியால் மாட்டுவதைவிடத் துளையிட்டு மரையாணி போடுவது உறுதி. முயலைத் தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் கொடியது; ஒரு கை மார்பிலும் ஒரு கை பின்பாகத்திலும் கொடுத்துத் தாங்கியே எடுக்கும்படி குழந்தைகளுக்குப் பழக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் சங்கம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மேற்சொன்ன அளவுள்ள பட்டிக்கு மூன்றடி அகல வலை எவ்வளவு வேண்டுமென்று கணக்கிட்டால், நாற்புறச் சுவருக்கு 32 அடி, கூரைக்கு இரண்டு துண்டாக 20 அடி, தரையில் படுக்கும் ஓரத்துக்கு நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தது 16 அடி, அதன் நான்கு மூலைகளுக்கு 3 அடி, ஆக 71 அடி. சேதாரத்துடன் 75 அடி என்று கொள்ளலாம். 100 அடிச் சுருளை ஒரு வீட்டார் தனியாக வாங்கினால் கால்பாகம் மூலையில் கிடந்து துருவேறும். நான்கு வீட்டார் சேர்ந்து மூன்று சுருள் வாங்கினால் ஓர் அடியும் மிஞ்சாது. மொத்த விலையும் குறையும். பலகையால் மூடும் பக்கங்களுக்கு வலை வேண்டாமென்று கருதுபவர் அதைத் தரைக்கு உபயோகிக்கலாம். கம்பி வெட்டும் கத்திரி, துளையிடும் கருவி, கொறடு ஆகியவற்றை ஒவ்வொருவரும் வாங்குவதைக் காட்டிலும் சங்கம் ஒரு செட்டு வைத்திருந்து இரவல் கொடுப்பது மேல். அவை கோழிக்கூண்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் கூட உதவும். இதற்காகக் கடன் மனு கொடுப்பது மட்டும் வேண்டாம். ஆசைக்கு வளர்க்கும் பிராணிக்குக் கடன் வாங்குவது நல்ல வழக்கமாகாது. ஒரு பருவம் பொறுத்துச் சேமித்துக் கட்டலாம்.

பட்டி கட்டுவதற்குப் பதிலாக விஷம் வைத்தும் சுருக்குக்கம்பி போட்டும் பகைவரைத் தொலைத்துவிடலாமென்று எண்ணுவோர் இருக்கின்றனர். கீரி, நரி, வெருகு, மரநாய் யாவும் முன்சொன்ன 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சட்டம் ஒருபுறமிருக்க, வயலில் எலியையும் வரப்பில் பாம்பையும் குறைப்பவை இவைதாம். விஷம் வைத்த கருவாட்டை எந்தப் பிராணி தின்னும் என்று வைத்தவருக்கே தெரியாது. அண்டைவீட்டு ஆடு மாடும் காவல் நாயும் அதற்குப் பலியாகும். ஒரு முயலுக்காக ஊர்ப்பகையும் தேடிக்கொண்டதாக முடியும்.

மற்றொரு ஜாக்கிரதை மனித உயிரைப் பற்றியது. நாயின் வாயிலிருந்து முயலைப் பிடுங்கப் போகும் குழந்தை கடிபடுவது சகஜம். குழந்தையிடம் இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்: நாய் வந்தால் கூவி அழைப்பதே அதன் வேலை, குறுக்கே போவதன்று. கடி பட்டுவிட்டாலோ, நகக்கீறலே ஆயினும், ஓடும் நீரில் சவுக்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் மிளகாயும் வைத்துக் கட்டிவிட்டுப் பொறுத்திருப்பது உயிருக்கு அபாயம். குன்னூரில் 1907-ஆம் வருஷம் பாஸ்தர் ஸ்தாபனம் ஏற்பட்ட காலத்தில் கடிபட்டவர்கள் வெகுதூரம் பிரயாணம் செய்து மலையேற வேண்டியிருந்தது. வயிற்றில் பல நாள் ஊசி போடும் முறையும் நெடுங்காலம் இருந்தது. இக்காலத்தில் கையில் போடும் சில ஊசிகளாக அது சுருங்கி, அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே கிடைக்கிறது. ஆகவே தாமதத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. கடிபட்ட முயலைக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதைத் தூக்குபவர் கையில் துணி சுற்றிக்கொள்வது நல்லது.

பட்டி முடிந்தவுடன் முயலை உள்ளே விடும் அவசரம் குழந்தைகளுக்கு இருக்கும். ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பட்டியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மணலும் சாம்பலும் கலந்து தூவி, உள்ளே கொஞ்சம் கருவாடும் பழமும் வைத்துக் கதவைத் தாழிட்டு விட்டால், இரவில் யார் யார் வந்தார்கள், எங்கே நின்றார்கள், எங்கே கால் வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள் என்பதைக் காலையில் சாம்பலே காட்டிக் கொடுக்கும். எந்த மூலையில் சுவடு மிகுந்திருக்கிறதோ, அந்த மூலையில் இன்னும் ஒரு வரிசைக் கல் வைக்கலாம். உள்ளே வைத்தது ஏழு நாளும் தொடப்படாதிருந்தால் கருவாட்டை எடுத்தெறிந்து, தரையைக் கழுவி, முயலை விடலாம். அதன் பிறகும் மாதம் ஒருமுறை திருகாணிகளை முடுக்கி, வலையைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். முதற் பெருமழை பெய்த மறுநாள் சுற்றிலுமுள்ள மண் அரித்து, படுக்கவைத்த வலையின் ஓரம் எங்கேயாவது மேலே தெரிந்தால், அன்று மாலைக்குள் கல்லும் மண்ணும் போட்டு மூட வேண்டும். மூடி முடியும்வரை முயல் இரவுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.